பாசி பிடித்த ஓடு

2006, புரட்டாசி 20, வெள்ளி

காலையிலிருந்து கடல் பக்கம் கறுப்பு. மழை இல்லை. புழுக்கம்.

ஓடு மாற்றும் கண்ணையன் கூரை மேல் ஏறிப் பார்த்தான். உடைந்த நாட்டு ஓடு நூற்றைம்பதுக்குப் பக்கம். அடுப்படி மூலை, என் கட்டிலுக்கு மேலே, சாமி மாடத்துக்கு மேலே, வாசல் தாழ்வாரம். ஐப்பசி மழைக்குள் மாற்றாவிட்டால் சுவர் ஊறி இறங்கிவிடும்.

வாங்க: ஓடு. கயிறு. கண்ணையனுக்கு வெற்றிலை.

பழைய வீட்டுச் சாமான் விற்கும் கோவிந்தசாமியிடம் போனேன். போன வருசம் ஓடு ஒன்று ஒரு ரூபாய். இன்று ஏழு.

“ஏம்பா, தங்கத்துல சுட்டியா?”

“பீச் பக்கம் ஓட்டலா வருது ஆயா. பழைய ஓடுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறானுங்க. பாசி புடிச்சிருந்தா இன்னும் ஒரு ரூபா கூட.”

“பாசிக்கா?”

“பாசிக்குத்தான். போட்டோவுல நல்லா விழுதாம்.”

இதே கோ.சாமி பெரியவன் கல்யாணப் பந்தலுக்கு இரண்டு மூங்கில் குறைத்தவன். அவன் மறந்துவிட்டான். நான் இல்லை.

வில்லியனூர் பக்கம் சூளையில் புது ஓடு கேட்டோம். மழைக்குச் சூளையை மூடிவிட்டார்கள், இனி தையில்தான் சுடுவார்களாம்.

புரட்டாசி 21, சனி

பெருமாளுக்குத் தளிகை. புளிசாதத்தில் உப்பு கம்மி.

பெரியவன் மோகன்: “சிமெண்டு அட்டை போட்டுடலாம்மா. கோவிந்தசாமி நம்ம ஓட்ட எடுத்துக்கிட்டு அவனே அட்டை போட்டுத் தர்றானாம். ஓசியில.”

“சித்திரையில அதுங்கீழ யாரு படுக்கிறது? அவனா?”

எதிர்வீட்டு மதாம் அப்படித்தான் மாற்றினாள். பிரான்சு பென்ஷன் வாங்குகிறவள், காற்றாடி மேல் காற்றாடி போட்டாள். போன கோடை முழுக்க வாசலிலேதான் உட்கார்ந்திருந்தாள். என் கூரையிலிருந்து ஒரு ஓடு பீச் பக்கம் போகாது.

சாயங்காலம் குழாயடியில்: “அஞ்சலை மாட்டுக் கொட்டாயப் பிரிக்கிறாளாம். கோவிந்தசாமி வண்டி திங்கக்கிழமை வருதாம்.”

அஞ்சலை என் ஓரகத்தி. பக்கத்துத் தெரு. அந்தக் கொட்டகை மேலே இருப்பது என் ஓடு. புயலடித்த வருசம் கைமாற்றாக இருநூறு ஓடு எடுத்துப் போனாள். திருப்பிக் கேட்டதற்கு “எந்த ஓடு?” என்றாள். அன்றோடு பேச்சு நின்றது. பத்தொன்பது வருசம். மாமியார் சாவில்கூடப் பேசவில்லை.

இப்போது விற்கப் போகிறாள். என் ஓட்டை.

புரட்டாசி 22, ஞாயிறு

முட்டி வலி. தைலம் தீர்ந்தது.

அவள் தெருவுக்குப் போனேன். கொட்டகை பிரித்தாயிற்று. அஞ்சலை குந்தியிருந்தாள், கையில் தேங்காய் நார், பக்கத்தில் சோப்புத் தூள். ஒவ்வொரு ஓடாகத் தேய்க்கிறாள். பக்கத்து வீட்டுக்காரியிடம், “பாசியோட குடுத்தா வெலயக் கொறச்சிடுவான்டி. பளிச்சுனு இருக்கணும்.”

ஓடெல்லாம் செக்கச்செவேல். வாய்க்காலில் பச்சையாக ஓடியது தண்ணீர்.

இன்னும் தேய்க்காதது பாதி இருந்தது. வாயைத் திறக்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

புரட்டாசி 23, திங்கள்

தூறல். கோ.சாமி வண்டி வந்தபோது நானும் தெருவில் நின்றேன்.

“என்னாம்மா இது! புது ஓடு மாதிரி ஆக்கி வச்சிருக்கீங்க?”

“ரெண்டு நாளா தேய்ச்சு கையெல்லாம் எரியுதுப்பா.”

“யாரு தேய்க்கச் சொன்னது? பழசாத் தெரியலன்னா ஓட்டல்ல எவன் வாங்குவான்?”

கொட்டகையின் பனஞ்சட்டங்களுக்கு மட்டும் காசு கொடுத்து ஏற்றிக்கொண்டான். ஓட்டுக்கு மாற்றாகத் தருவதாகச் சொன்ன சிமெண்டு அட்டையை இறக்கவே இல்லை. வண்டி போய்விட்டது.

உள்ளே போனேன். பத்தொன்பது வருசத்துக்குப் பிறகு அவளிடம் நான் சொன்ன முதல் வார்த்தை: “இருநூறு.”

“எந்த...” என்று ஆரம்பித்தாள். குவியலைப் பார்த்தாள். “எடுத்துக்கிட்டுப் போக்கா. எண்ணிக்க.”

எண்ணினேன். நூற்று அறுபத்தெட்டு முழுசு. மோகன் சைக்கிள் வண்டி வைத்து நாலு நடை.

புரட்டாசி 24, செவ்வாய்

கண்ணையன் விடிந்ததும் ஏறினான். மூன்று மணிக்கு முடித்தான்.

“ஆயா, செவப்பும் கறுப்புமா உன் கூரை கட்டம் போட்ட லுங்கி மாதிரி இருக்கு.”

“ஒழுகுமா?”

“ஒழுகாது.”

“அப்ப லுங்கியாவே இருக்கட்டும்.”

மோகன் அட்டைப் பேச்சை எடுக்கவில்லை. மொச்சைக் குழம்பு.

புரட்டாசி 25, புதன்

மழை பிடித்துக்கொண்டது. அடுப்படி: இல்லை. கட்டில்: இல்லை. மாடத்தில் ஒரு சொட்டு. கண்ணையன் நாளைக்கு ஒரு ஓட்டை நகர்த்தினால் போதும்.

பத்து மணிக்கு வாசலில் அஞ்சலை. தலையில் சாக்கு. கையில் கயிறு, பின்னால் மாடு, நனைந்து நடுங்கிக்கொண்டு.

“சட்டமும் போச்சு, ஓடும் போச்சு. கன்னு போடுற மாடுக்கா.”

ஞாயிற்றுக்கிழமை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி ஓடாவது பாசியோடு விலை போயிருக்கும். அட்டையும் வந்திருக்கும். நான் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன்.

“மாட்ட உள்ள கட்டு. நீ வாசல்லயே நில்லு.”

கட்டினாள். வாசலிலேயே நின்றாள். அவளுக்கு மேலே வரிசையாக அவள் தேய்த்த ஓடு. ஒரு சொட்டு விழவில்லை அவள் மேல்.