என் காலைக் காட்டி வாங்கிய சட்டம்

மார்ச் 3

ஊசிக்கு,

அன்புள்ள என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். மனம் வரவில்லை, விட்டுவிட்டேன். நான் நலம். உன் நலத்தைப் பேப்பரில் படத்தோடு பார்த்துக்கொண்டேன். மைக் முன்னால் நிற்கிறாய். நன்றாகச் சதை போட்டிருக்கிறாய். இனி உன்னை ஊசி என்று கூப்பிட்டால் ஊசி கோபித்துக்கொள்ளும்.

உங்கள் சங்கம் கேட்ட சட்டம் வந்துவிட்டது. கடையில் நின்று விற்கிற எல்லோருக்கும் உட்கார இருக்கை போட வேண்டுமாம், நாடு முழுவதும். எங்கள் துணிக்கடைக்கும் ஸ்டூல்கள் வந்து இறங்கின. முதுகு சாய வழியில்லாத பிளாஸ்டிக் ஸ்டூல்கள். கொடுக்க மனமில்லாதவன் கொடுத்தது என்று பார்த்தாலே தெரியும்.

என் வழக்கு அதுவல்ல. நாடாளுமன்றக் குழு முன்னால் நீ பேசியதைப் பேப்பரில் அப்படியே போட்டிருந்தார்கள். ‘என் தோழி ஒருத்தி திரைச்சீலைப் பிரிவில் நிற்கிறாள். முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கிறது. காலைச் சுவரில் தூக்கி வைத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.’ பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமே இல்லை. கடையில் ஒவ்வொருவராகக் குனிந்து என் காலைப் பார்த்தார்கள். பில் போடுகிறவன் கேட்டே விட்டான்: “அக்கா, பேப்பர்ல வந்திருக்கறது உங்க காலா?”

நாம் ஒரே அறையில் தங்கியிருந்தபோது, தைலம் தேய்த்துவிட்ட உன் கைக்கு மட்டும் காட்டிய கால் அது. அதை மேடை ஏற்றிவிட்டாய். துணிச்சுருளில் ஒட்டியிருக்கும் சீட்டுகளைப் படித்துப் படித்தே எழுத்துக் கூட்டக் கற்றவள் நான். நீ பேசியதில் பொய் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்றும் இல்லை. அதுதான் கோபம்.

என் காலைக் காட்டி வாங்கிய சட்டம் எனக்கு வேண்டாம். நான் உட்காரப் போவதில்லை. முதலாளி எனக்குத் தூண் என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. தூண் உட்கார்ந்தால் கூரை என்ன ஆகும்?

இப்படிக்கு,
தூண்

•

மார்ச் 12

என் அன்புத் தூணுக்கு,

திட்டுவதற்காவது எழுதினாயே. உறைமேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

உன்னைக் கேட்டிருந்தால் கூடாது என்றிருப்பாய். தெரிந்தேதான் கேட்கவில்லை. அங்கே நடந்ததையும் கேட்டுக்கொள். எத்தனை கடைகள், எத்தனை லட்சம் பெண்கள் என்று நான் கணக்குச் சொன்னபோது குழுவில் இருந்தவர்கள் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். உன் காலைச் சொன்னேன். கரண்டிச் சத்தம் நின்றது.

துணி மூட்டைமேல் ஒரு நிமிடம் உட்கார்ந்ததற்காக, நீ நிற்கிற அதே கடையிலிருந்து துரத்தப்பட்டவள் நான். என் கதையைச் சொல்லியிருந்தால், ‘வேலை செய்யாதவள், அதனால் அனுப்பினார்கள்’ என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். உன்னை யாரும் அப்படிச் சொல்ல முடியாது.

நீ உட்காராவிட்டால் போகிறது. மற்றப் பெண்கள் உட்காருகிறார்களா? அதை மட்டும் எழுது.

உன்,
ஊசி (இளைக்க முயன்றுகொண்டிருக்கிறேன்)

•

மார்ச் 21

ஊசிக்கு,

இல்லை. யாரும் உட்காரவில்லை.

ஸ்டூல்களை மேனேஜர் தூணுக்குப் பின்னால் (நான் இல்லை, சிமென்ட் தூண்) அடுக்கி, மேலே தலையணை உறைக் கட்டுகளை ஏற்றிவிட்டார். போன வாரம் தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அம்மா பார்க்க வந்தார். கார் வாசலில் நின்றதுமே கட்டுகள் இறங்கின, ஸ்டூல்கள் முன்னால் வந்தன. “எல்லாரும் உக்காருங்க, சீக்கிரம் உக்காருங்க!” என்று மேனேஜர் கையை ஆட்டினார். பெண்கள் போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி நுனியில் உட்கார்ந்தார்கள். நான் நின்றேன்.

அந்த அம்மா என்னிடம் வந்தார். “நீங்க ஏம்மா நிக்கறீங்க? உக்கார விடமாட்டேங்கறாங்களா?”

“எனக்கு வேண்டாம்” என்றேன்.

மேனேஜர் வாயெல்லாம் பல். “பாத்தீங்களா மேடம்? எங்க ஆளுங்களுக்கே உக்கார இஷ்டமில்ல. பழகிட்டாங்க.” அந்த அம்மா எழுதிக்கொண்டு போனார். கார் திரும்புவதற்குள் தலையணை உறைகள் பழைய இடத்துக்குப் போய்விட்டன.

அதற்குப் பிறகு மேனேஜர் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். இத்தனை வருடத்தில் முதல் காபி. குடித்தேன். நன்றாக இல்லை.

தூண்

•

ஏப்ரல் 2

அன்புத் தூணுக்கு,

அந்தக் காபியைப் படித்துவிட்டு எனக்கே வாய் கசந்தது.

சங்கத்தில் இத்தனை நாள் இருந்து நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சட்டம் ஸ்டூலைக் கடைக்குள் கொண்டுவரும். அதற்குமேல் அதற்குக் கை கால் கிடையாது. எல்லா ஊரிலும் ஸ்டூல்மேல் ஏதாவது ஒரு கட்டு ஏறி உட்கார்ந்திருக்கிறது.

பெரியவள் நிற்கும்போது சின்னவள் எப்படி உட்காருவாள்? மேனேஜருக்கு அது தெரியும். அதனால்தான் காபி.

எனக்காக உட்காராதே. சட்டத்துக்காகவும் வேண்டாம். என்மேல் உள்ள கோபத்தை அந்தப் பெண்களின் காலில் இறக்கி வைக்காதே, அவ்வளவுதான். இதற்கும் கோபித்துக்கொண்டு நீ எழுதாமல் இருந்தால், பரவாயில்லை, காத்திருக்கிறேன்.

உன்,
ஊசி

•

மே 6

அன்புள்ள ஊசிக்கு,

உன் கடைசிக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி எடுத்துப் படித்தேன். பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று நடந்ததை உன்னைத் தவிர யாரிடம் சொல்வது?

படுக்கை விரிப்புப் பிரிவில் ஒரு பெண். பிள்ளை பெற்றுவிட்டு இப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருக்கிறாள். நேற்று மத்தியானம் கடையில் ஈ காக்கை இல்லை. அவள் அலமாரியில் நெற்றியை முட்டுக் கொடுத்து, நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

“போய் உக்காரேன்டி” என்றேன்.

“நீங்க நிக்கறப்ப எப்படிக்கா?”

“என் கால் வேற, உன் கால் வேற.”

“கால் எல்லாருக்கும் ஒண்ணுதான்க்கா. உங்களது பேப்பர்ல வந்துருச்சு, எங்களது வரல” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்றது. நேரே சிமென்ட் தூணுக்குப் பின்னால் போனேன். தலையணை உறைக் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கினேன். ஒரு ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினேன், இன்னொன்றை என் இடத்தில் போட்டு உட்கார்ந்தேன். நுனியில் இல்லை, நன்றாக. கொஞ்ச நேரத்தில் மற்றப் பெண்களும் ஆளுக்கொன்றை இழுத்துக்கொண்டார்கள். மேனேஜர் வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

அப்போது பார்த்து முதலாளி உள்ளே வந்தார். ஸ்பிரிங் வைத்த மாதிரி எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை பெற்றவளும். எனக்கும் கால் தானாக எழுந்திருக்கத்தான் பார்த்தது. என் பிடிவாதம் உனக்குத் தெரியுமே. நிற்பது என்றால் நிற்பேன், உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். கையால் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

அவர் என் முன்னால் வந்து நின்றார். “என்ன தூணு, உடம்புக்கு முடியலையா?”

“உடம்பு நல்லாத்தான் இருக்கு முதலாளி. கூட்டமில்ல, உக்காந்திருக்கேன்.”

“நான் வந்தேன்.”

“பாத்தேன் முதலாளி. வாங்க.”

அவர் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஜைமேல் கிடந்த துணியைத் தொட்டு, “இந்த நீலம் போகுதா?” என்று கேட்டார். “போகுது முதலாளி, பச்சைதான் தேங்குது” என்றேன், உட்கார்ந்தபடியே. தலையாட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனார். நாளைக்கு என்ன செய்வாரோ தெரியாது. அவர் முதுகு திரும்பியதும் அந்தப் பெண் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு மற்றவர்கள்.

இதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. என் காலை என்னைக் கேட்காமல் மேடை ஏற்றியது தப்பு தப்புதான். கடிதத்தில் கேட்கிற மன்னிப்பு எனக்குச் செல்லாது. நேரில் வந்து கேள். திரைச்சீலைப் பிரிவுக்கே வா. உன்னைத் துரத்திய கடை என்று வாசலில் தயங்கி நிற்காதே. என் பக்கத்தில் உனக்கு ஒரு ஸ்டூல் போட்டு வைக்கிறேன்.

நீ வரும்போது நான் எழுந்து வரமாட்டேன். தவறாக எடுத்துக்கொள்ளாதே.

உன்,
தூண்