நான்கு எலுமிச்சம்பழம்

அன்புள்ள அப்பாவுக்கு, கோமளா வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி குறைந்ததா? ஜோகூர் பாருவில் நான் நலம்.

ஒரு வருடமாக நான் காத்திருந்த அந்தச் சின்ன வேகக்கார் அடுத்த வாரம் எங்கள் ஷோரூமுக்கு வருகிறது. முன்சக்கரம் மட்டுமல்ல, நான்கு சக்கரமும் வண்டியை இழுக்கும். லாரியிலிருந்து இறக்கி ஓட்டப்போவது நான்தான். “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குக் காடி?” என்று அத்தை கேட்டபோதும் உங்கள் கார் சாவியை என் கையில் கொடுத்தீர்களே, அதற்கு நன்றி அப்பா.

புது வண்டிப் பூசையில் முன்சக்கரங்களுக்கு அடியில் மட்டும்தான் இங்கே எலுமிச்சம்பழம் வைப்பார்கள். இந்தக் காருக்கு நான்கு வேண்டும் என்றேன். “கடையில வாங்கிக்கலாம் லா,” என்று முதலாளி சிரித்தார். எனக்கு நம் வீட்டு மரத்துப் பழம்தான் வேண்டும். தபாலில் அழுகிவிடும், நீங்களே கொண்டுவாருங்கள்.

ஷோரூமைத் திறக்கப் போகிறார்கள், முடிக்கிறேன். நான் வேகமெடுத்தால், உங்களைப் போலப் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிக்க இங்கே ஆளில்லை அப்பா.

உங்கள் கோமளா