வீக்கம் மட்டும் வடிந்தது

தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. உன் வீட்டில் எல்லோரும் சுகம் என்று அப்பா தினமும் சொல்லிவிடுவதால் தனியாக விசாரிக்கவில்லை. போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் பாகப்பிரிவினைக்கு வந்து நிற்போம். அதனால்தான் மின்னஞ்சல்.

அப்பாவின் இடது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே புண். செருப்பு உரசி வந்தது. சர்க்கரை உடம்பு, ஆறவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மதிலோரச் செடியின் இலையை அரைத்துக் கட்டச் சொன்னாராம். அப்பா உன்னைக் கேட்க, "இலைதானேப்பா, போட்டுப் பாருங்க" என்றாயாம். புண்ணுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை டப்பாவை அன்று மூடியவர், பிறகு திறக்கவே இல்லை. நான் வாய் திறந்தால், "டாக்டரே சொல்லிட்டான், நீ வாத்தியார்தானே" என்கிறார். நீ கண் டாக்டர். பாதம் எப்போது உன் இலாகாவில் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கல்லூரியில் நடத்துவது நுண்ணுயிரியல் என்பதும் இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

சண்டை போட்டுப் பயனில்லை என்று இலையை ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். நிழலில் உலர்த்திப் பொடித்துச் சாறு இறக்கினேன். கட்டு மாற்றும்போது புண்ணைப் பஞ்சால் ஒற்றி, அவருடைய கிருமியையே தட்டில் வளர்த்தேன். அதன்மேல் இலைச்சாறு தோய்த்த காகித வட்டு ஒன்று, அவர் விழுங்காத மருந்து தோய்த்தது ஒன்று. மறுநாள் மருந்தைச் சுற்றிக் கிருமி அண்டாத தெளிந்த வளையம். இலையைச் சுற்றி ஒன்றுமில்லை. கிருமி அதன் விளிம்புவரை வந்து சொந்த வீடு மாதிரி குடியிருந்தது. சாற்றைக் கூட்டிப் பார்த்தேன், அப்படியேதான்.

நியாயத்துக்கு இன்னொன்றும் பார்த்தேன். முட்டை வெள்ளைக்கரு சூட்டில் கலங்கும். வீக்கத்தைக் குறைக்கும் சரக்கு அந்தக் கலங்கலைத் தடுக்கும் என்பது முதல்கட்டச் சோதனை. அதில் இலை நன்றாகவே தேறியது. ஆக, இலை கட்டியதும் வீக்கம் வடிந்தது என்று அப்பா சொல்வது பொய்யில்லை. உள்ளே கிருமி வளர்கிறது, வெளியே அடையாளத்தை இலை மறைக்கிறது. சர்க்கரையால் மரத்த பாதம், வலியும் காட்டிக் கொடுக்காது.

இதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். சும்மா கிடந்த சங்கை ஊதிய கதை. "பெரியவனே டெஸ்ட் பண்ணிட்டான், வீக்கத்துக்கு ஏ-ஒன்னாம்" என்று மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் என்னைப் புகழ்ந்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை. அதுவும் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு.

இன்று காலை கட்டை அவிழ்த்தபோது வாடை அடித்தது. விளிம்பு கறுத்திருக்கிறது. போனில் படம் எடுத்து அறுவை மருத்துவரிடம் காட்டினேன். உடனே கூட்டி வாருங்கள், தள்ளினால் விரல் போகும், பாதத்துக்கும் உத்தரவாதம் இல்லை என்றார். அப்பா நகர மறுக்கிறார். "வலியே இல்லடா, என்னைக் கத்தியில தள்ளப் பாக்குறியா?" என்று கேட்டார். என் மனைவி கெஞ்சியும் பார்த்துவிட்டாள்.

படித்ததும் அவரைக் கூப்பிடு. இலை வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். நான் சோதித்தது, நான் எழுதியது எதுவும் வேண்டாம். என் பெயரை எடுத்தால் காரியம் கெடும். நீயே யோசித்துக் கண்டுபிடித்ததாகச் சொல். "சின்னவன் சின்னவன்தான்" என்று வழி முழுக்க என்னிடம் சொல்லிக்கொண்டு வருவார். சொல்லட்டும். வண்டியை நான் ஓட்டுகிறேன்.

உன் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். இப்போதே கூப்பிடு.

அண்ணன்