றப்பர் பட்டியா, ஸ்டீல் செயினா

கல்முனைக்குடி
12.03.1982, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

அஸீஸாவின் ஸலாம். அல்லாஹ் உங்களை உடலாலும் ஈமானாலும் காத்து வைப்பானாக.

உங்கள் கடிதம் வாசிக்கப்பட்டபோது வீட்டில் இருந்தவர்கள்: கடிதத்தை உடைத்து வாசித்த, என் கூடப்பிறந்த காக்கா மீராசா, பாயில் உங்கள் உம்மா, கதிரையில் ஜெமீலாவுக்கு மாமியாராக வரப்போகும் சபூறா, திரைச்சீலைக்குப் பின்னால் நம் மகள் ஜெமீலா, குசினிக் கதவடியில் நான். எனக்கு எழுதிய கடிதத்தைக் கடைசியாகக் கையில் வாங்கியது நான்தான். குறையாகச் சொல்லவில்லை. காக்காவின் கடை விலாசத்துக்கு வரும் கடிதம் அவர் கையில்தான் முதலில் விழும். கட்டாரிலிருந்து கடிதம் வந்தது என்று தெரிந்தால் சபூறாவும் கால் ஆறாமல் வந்துவிடுவா.

சீமெந்து, கம்பி, மேசன் கூலிக் கணக்கெல்லாம் காக்கா தபாலில் சேர்க்கும் கடிதத்தில் வழமைபோல் எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தில் கணக்கு இல்லை. இது காக்காவுக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டு ஸம்ஸியா டீச்சரின் கையால் தபாலுக்குப் போகிறது.

ஸலாமும் சுகமும் வாசித்து முடிந்ததும் கைமணிக்கூட்டு விசயம் வந்தது. துறைமுகத்தில் முதலாளி உங்களுக்கு ஒரு மணிக்கூடு தந்திருப்பதாகவும், எவ்வளவு ஆழத்துக்குப் போனாலும் அதற்குள் தண்ணீர் புகாது என்றும் எழுதியிருந்தீர்கள். "ஸ்டீல் செயினோடு தந்தார்கள். செயின் வெறுங்கைக்குத்தான் அளவு. றப்பர் பட்டியும் கிடைக்கும், அது நீளம் கூடியது, உடுப்புக்கு மேலாலும் கட்டலாம். எதைப் போடுவது என்று உன் எண்ணத்தை எழுது" என்று கேட்டிருந்தீர்கள்.

காக்கா அந்த இடத்தில் நிறுத்தி, "பாத்தீங்களா, மாப்புளைக்கு மணிக்கூடும் வாங்கிட்டாரு மச்சான்" என்று சொல்லிவிட்டார். நீங்கள் அப்படி ஒரு சொல்லும் எழுதவில்லை. ஆனால் கல்யாணம் பேசிய வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து எது வந்தாலும் அது மாப்பிள்ளைக்குத்தான் என்று நம் ஆட்கள் நினைப்பது உங்களுக்குத் தெரியும். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் கையில் மணிக்கூடு கட்டிவிட வேண்டும் என்ற வழக்கமும் இருக்கிறதே. சபூறாவின் முகம் மலர்ந்த மலர்ச்சியை என்ன சொல்ல!

பிறகு நடந்தது பெரிய மஷூறா, ஆலோசனைச் சபைதான். "ஸ்டீல்தான் வேணும் எண்டு எழுதுங்க. றப்பரக் கட்டிக்கிட்டு எண்ட மகன் றஸாக் மாப்புளையா வந்தா, சைக்கிள் டியூப்ப வெட்டிக் கட்டின மாதிரி இரிக்கும்" என்றா சபூறா. காக்காவும், "றப்பர் நம்மட வெயிலுக்கு ஒரு வரியத்துல வெடிச்சிரும்" என்று தலையாட்டினார். மாமி பாயிலிருந்தே, "தொழ வுழு எடுத்துக் கை கழுவக்குள்ள றப்பர் கையோட ஒட்டிக்கிட்டு இரிக்கும். தண்ணி உள்ளுக்குப் போகாம தொழுகையும் போச்சு" என்றா. காக்கா, "கழட்டிப்போட்டு எடுத்தாச் சரிதானே மாமி" என்றதற்கு, "கழட்டினா பள்ளி ஹவுள் தொட்டிக் கட்டில மறந்து வெச்சிட்டு வருவாரு மாப்புள" என்று பதில் வந்தது. சபூறா கைகொட்டி, "மாமியும் எண்ட கட்சி" என்று சிரித்தா. மாமி விடவில்லை. "உண்ட கட்சி இல்லடி புள்ள, நான் அல்லாஹ்ட கட்சி" என்றா. நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

அந்தச் சிரிப்புக்குள் திரைக்குப் பின்னாலிருந்து ஜெமீலாவின் குரல் வந்தது. "அது வாப்பாட மணிக்கூடு. வாப்பாக்கிட்டயே இரிக்கட்டும்." சபூறா சிரிப்பை நிறுத்தினா. நான் மகளை, "சும்மா இரு" என்று அதட்டினேன். அதட்டியது அவள் சொன்னது பிழை என்பதற்காக அல்ல, மச்சான்.

உங்கள் கைச்சட்டை எல்லாம் நான் வெட்டித் தைத்தவை. உங்கள் மணிக்கட்டின் சுற்றளவு இன்றும் என் விரலுக்குத் தெரியும். துறைமுகச் சாமான் அறையில் பெயர் பதிகிற வேலை என்றுதானே எங்களுக்கு எழுதினீர்கள், அந்த வேலைக்காரன் ஏன் உடுப்புக்கு மேலால் மணிக்கூடு கட்டவேண்டும்? ஸ்டீல் செயின் எட்டாத அளவுக்கு அப்படி என்ன தடித்த உடுப்பு, அந்த வெயிலில்? ஸம்ஸியாவிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். அவ ஒரு இங்கிலீசுப் புத்தகத்தைக் கொண்டுவந்து படம் காட்டினா. கடலுக்கடியில் ஒரு மனிதர். தலையிலிருந்து கால்வரை கறுத்த றப்பர் உடுப்பு. அதன் கைக்கு மேல் மணிக்கூடு, நீளமான றப்பர் பட்டியோடு. சுழியோடுகிறவர்கள் அடியில் நிற்கும் நேரத்தைப் பார்க்கத்தான் இந்த மணிக்கூடு என்று அவ வாசித்துச் சொன்னா. நான் புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக மனதுக்கு வந்தது. காதுக்குள் குத்துகிற வலிக்கு உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் கேட்டிருந்தீர்கள். தண்ணீர் மாறியதால் வந்த வருத்தம் என்று நினைத்து அனுப்பினேன். வாயால் ஓதமுடியாத இடத்தில் மனதுக்குள் ஓதினால் கூடுமா என்று பள்ளி ஹஸ்ரத்திடம் கேட்டு எழுதச் சொன்னீர்கள். கூடும் என்று அவர் சொன்னதை நானும் சந்தோசமாக எழுதினேன். அது எந்த இடம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லையே, மச்சான்.

கோமாரிக் கடலில் உங்கள் காக்கா மீராமுகைதீன் மூழ்கிப் போன நாளிலிருந்து மாமி கடற்கரைக்குப் போனதில்லை. இருக்கிற ஒரே மகனான நீங்கள் கடல் வேலைக்கு இறங்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததைச் சொல்லிச் சொல்லித்தான் அவ உயிரோடு இருக்கிறா. நீங்கள் மறைப்பது அவவுக்காக என்று எனக்கு விளங்குகிறது. எனக்கும் மறைக்கத்தான் எழுதினீர்களா, இல்லை எனக்கு மட்டும் விளங்கட்டும் என்றுதான் பட்டியைப் பற்றிக் கேட்டீர்களா? அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

இங்கே எனக்கு வாய் திறக்க வழியில்லை. மாமியிடம் சொன்னால் அவ நெஞ்சு தாங்காது. காக்காவிடம் சொன்னால் கடை முழுக்கத் தெரியும். சபூறாவோ அந்த மணிக்கூட்டை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டா. றஸாக் சட்டைக்கையை மடித்துவிட்டுத் திரிகிறாராம், மணிக்கூடு தெரியவேண்டும் என்று இப்போதே பழகுகிறாராம். அதை நீங்கள் வேலைக்குக் கட்டுகிறீர்கள் என்று நான் யாருக்குச் சொல்வேன்?

ஜெமீலாவின் சீதனமாகப் பேசிய புது வீடு ஜன்னல் உயரத்துக்கு நிற்கிறது. கூரைக்கு இன்னும் இரண்டு வருசம் வேலை செய்யவேண்டும், நோன்பு பிறக்கமுன் திரும்பவும் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பாஸ்போட் கம்பனியிடம் இருப்பதாகவும், வேலை முடித்துக் கொள்பவர்களுக்கு மட்டும்தான் திருப்பிக் கொடுப்பார்கள் என்றும் முன்பு எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் கையெழுத்து வைக்காமல் விடுவதுதான் நீங்கள் ஊருக்கு வரக் கதவு. வேறு கதவு எனக்குத் தெரியவில்லை.

என் யோசனையைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். என் வாப்பா எனக்குத் தந்த இந்த வீட்டை ஜெமீலாவுக்கு எழுதிக் கொடுக்கிறேன். சூறாவளிக்குப் பின் நீங்கள் புதிதாகப் போட்ட ஓடு ஒன்றும் அசையவில்லை. நானும் மாமியும் புது வீட்டுச் சுவருக்கு மேல் தென்னோலைக் கிடுகு போட்டுக்கொண்டு போய் இருக்கிறோம். மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுக் குசினியில் ஒதுங்கிய உம்மாமார் நம் தெருவிலேயே எத்தனை பேர். பேசியது புது வீடு, பழைய வீட்டுக்கு மகனை அனுப்பமாட்டேன் என்று சபூறா எழும்பிப் போகவும் கூடும். பேசி முறிந்த குமர் என்ற பெயர் ஜெமீலாவுக்கு மிஞ்சும். அதை நினைத்தால் எனக்கு இரண்டு பக்கமும் சுவர்தான். ஆனால் நேற்று மகளிடம் சாடையாகக் கேட்டேன். "கூரை இல்லாட்டியும் எனக்கு வாப்பா வேணும் உம்மா" என்றாள். என் சந்தேகத்தை அவளிடம் நான் சொன்னதே இல்லை. அவளும் என்னைப்போல் வரி பிரித்து வாசிக்கிறவள்.

இந்தக் கடிதத்துக்கு நீங்கள் தனியாகப் பதில் எழுத முடியாது. ஸம்ஸியா கல்யாணம் ஆகாத குமர்ப்பிள்ளை. அவ விலாசத்துக்கு ஓர் ஆம்பிளையின் கடிதம் வந்தால் தபால்காரனே கதை கட்டிவிடுவான். ஆகவே கடை விலாசத்துக்கே எழுதுங்கள், எல்லார் முன்னாலும் காக்கா வாசிக்கட்டும். காக்கா அனுப்பும் கடிதத்தில் "ஸ்டீல் செயின் நல்லம்" என்று என் கையாலேயே எழுதியிருப்பேன். அது சபையின் முடிவு. என் எண்ணத்தைக் கேட்டீர்கள், இது என் எண்ணம்: நீங்கள் தண்ணீருக்குள் இறங்குவது உண்மையென்றால் றப்பரைப் போடுங்கள். நன்றாக இறுக்கிக் கட்டுங்கள். ஏற வேண்டிய நேரத்துக்கு ஏறுங்கள். வுழுவுக்குத் தளர்த்தி உள்ளே தண்ணீர் விட்டால் போதும் என்று ஹஸ்ரத்திடம் கேட்டுவைத்திருக்கிறேன்.

பதிலில் ஒரு வரி போதும். இறங்குகிறீர்கள் என்றால், றப்பர் பட்டி போட்டேன் என்று எழுதுங்கள். சபூறா முகத்தைச் சுளிக்கட்டும், காக்கா முணுமுணுக்கட்டும். அதைக் கேட்ட அன்றே நான் வீட்டு விசயத்தை வாய் திறந்து சொல்லிவிடுவேன், நீங்கள் கையெழுத்து வைக்காமல் வரலாம். நான் நினைத்தது பிழையென்றால், ஸ்டீல் செயினே இருக்கிறது என்று எழுதுங்கள். என் சந்தேகத்தை அல்லாஹ் மன்னிக்கட்டும். ஆனால் என்னைச் சமாதானப்படுத்துவதற்காக ஸ்டீல் என்று எழுதிவிடாதீர்கள், மச்சான்.

யூனுஸ் நபியை மீனின் வயிற்றிலிருந்து கரையில் கொண்டுவந்து விட்ட நாயன் உங்களையும் எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பானாக. அவர் அங்கே ஓதியதை ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் உங்களுக்காக ஓதுகிறேன். நீங்களும் மனதுக்குள் ஓதுங்கள்.

நோன்பு பிறக்கமுன் உங்கள் பதில் என் காதில் விழவேண்டும். தயவுசெய்து கெதியாகப் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அஸீஸா