உரசாத சக்கரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

பந்தயக் காருக்கென்று ஒருவர் எங்கள் பட்டறைக்குச் சின்னச் சக்கரங்கள் வாங்கிவந்தார். பின்பக்க பிரேக் இடித்து, மாட்டவே முடியவில்லை. "சட்டைய வாங்கிட்டு தொப்பையக் குறைக்கச் சொல்றாரு," என்றார் மேஸ்திரி. அட்டை வெட்டி அளந்து, சிறிய பிரேக்கை நான்தான் தேர்ந்தெடுத்தேன். மாட்டும்போது விரலில் லேசான கீறல், அவ்வளவுதான். சுற்றினால் துளி உரசல் இல்லை. கைதட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். நான் மட்டும் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தேன்.

உங்கள் மொபெட் பிரேக் இன்னும் உரசுகிறதென்று அம்மா சலித்துக்கொண்டாள். மாற்றக் கொடுக்கும் முன், போனைப் பக்கத்தில் வைத்து ஒருமுறை வண்டியை உருட்டி, சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்புங்கள். பழுது பார்க்க இல்லை அப்பா. அந்தச் சத்தம் கேட்டுத்தானே சின்ன வயதில் ஓடிவந்து கதவைத் திறப்பேன்.

மேஸ்திரி கூப்பிடுகிறார்.

உங்கள் சின்னவள்