நான் கோடிட்ட மருந்துத் தாள்

மார்ச் 4
பதிப்பக அலுவலகத்தில் அதே முகங்கள். என்னிடம் மெய்ப்புத் திருத்தக் கற்றுக்கொண்டவன் இன்று எனக்கு மேலாளர். "அண்ணே, நீங்க ஒரு தடவை பாத்துட்டா எனக்கு நிம்மதி" என்கிறான். நிம்மதி அவனுக்கு, கண்வலி எனக்கு.

வீட்டுக்கு வந்தால் இன்னொன்று. பதற்றத்துக்காக மனைவி மூன்று வாரமாக மாத்திரை சாப்பிடுகிறாளாம். லிஃப்டில் மூச்சு முட்டுவது, பஸ்ஸிலிருந்து பாதியிலேயே இறங்கிவிடுவது எல்லாவற்றையும் நான் பிடிவாதம் என்றே நினைத்திருந்தேன். அவள் அக்காதான் டாக்டரிடம் கூட்டிப்போனாளாம். எனக்கு இன்றுதான் தகவல்.

"உங்ககிட்ட சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பீங்க."

கேட்டால் என்ன தப்பு?

மார்ச் 6
மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைக் காலையில் மேசையில் விரித்துச் சத்தமாகப் படித்தேன். குமட்டல், தலைசுற்றல், கைநடுக்கம்... ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையில் கோடு.

"போதுங்க."

நிறுத்தவில்லை. அவள் தையல் கடையில் துணி வெட்டுபவள். கைநடுக்கம் என்றதும் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

"வெட்டுற கை ஆடுச்சுன்னா அவ்வளவுதான்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றேன். தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

மார்ச் 9
சமையலறையில் பாட்டில்லை. போன வாரமெல்லாம் பாடிக்கொண்டிருந்தாள். அடிகளை முன்பின்னாக மாற்றித்தான். நான்தான் திருத்துவேன்.

மார்ச் 13
அவளுக்குத் தலைசுற்றல். "தலைக்குள்ள கரண்டு அடிக்கற மாதிரி இருக்குங்க" என்கிறாள். கடையில் ஒரு சட்டைத் துணியைக் கோணலாக வெட்டிவிட்டாளாம்.

"நான் சொன்னேன்ல?" என்றேன். சொல்லும்போது உள்ளுக்குள் ஒரு குஷி. எழுதவே கூசுகிறது.

நாளைக்கு அந்த டாக்டரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும்.

மார்ச் 14
கேட்டேன். கதவிலிருந்து எடுத்துப்போன தாளை மேசையில் போட்டுக் கோடுகளைக் காட்டினேன். டாக்டர் என்னைப் பார்க்கவேயில்லை.

"கடைசியா மாத்திரை எப்பம்மா சாப்பிட்டீங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நிறுத்திட்டேன் டாக்டர். இவர் படிச்ச அன்னிக்கே."

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

"இந்தத் தலைசுத்தல் மாத்திரையால வரல. திடீர்னு நிறுத்தினதால வந்தது. கை நடுங்கினா எனக்குச் சொல்லுங்க, அளவை மாத்தலாம். நீங்களா நிறுத்தக் கூடாது. மறுபடி பாதி மாத்திரையில இருந்து ஆரம்பிப்போம்." பிறகு என் தாளில் ஓரிடத்தில் விரலை வைத்தார். "சார், இதைப் படிச்சீங்களா?"

'மிக அரிதாக' என்ற தலைப்பு. அதன் கீழேதான் என் கோடுகளில் பாதி.

"படிச்சேன்" என்றேன். உண்மைதான். மனதுக்குள் படித்தேன். வாய்விட்டுப் படிக்கவில்லை.

படியிறங்கும்போது கேட்டாள்: "ஏங்க, அதை மட்டும் ஏன் விட்டீங்க?"

ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

மார்ச் 15
என்னிடம் சொல்லாமல் அக்காவிடம் சொன்னாளே, அதற்காகத்தான். வேறு காரணம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை.

இதற்கா ஒரு மனுஷன் இப்படிச் செய்வான்? செஞ்சேனே. அந்த ஒரு வரியையும் வாய்விட்டுப் படிச்சிருந்தா இத்தனையும் இல்ல.

மார்ச் 18
தாளைக் கிழித்துப் போட்டேன். கதவில் பசைத் தடம் மட்டும் போகவில்லை. மாத்திரை இப்போது அவள் கைப்பைக்குள். தண்ணீர் கொண்டுபோனேன்.

"வச்சிட்டுப் போங்க."

நான் அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் விழுங்கினாள்.

ஏப்ரல் 11
பஸ்ஸிலேயே கடைக்குப் போய்வந்தாளாம். பாதியில் இறங்கவில்லை. என்னிடம் சொல்லவில்லை, அக்காவிடம் போனில் சொன்னதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் மறுபடி டாக்டர். நானும் வரட்டுமா என்று கேட்டேன். 

"வாங்க. ஆனா வெளிய உக்காருங்க."

"சரிம்மா."

பிறகு சமையலறையிலிருந்து பாட்டு. இரண்டாம் அடியை முதலில் பாடினாள். நான் திருத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.