குடிவராத வீடு

1999 மார்ச் 8, திங்கள்

மாக்கிறட் இன்றும் வரவில்லை. மூன்று நாளாயிற்று. அரசாங்கச் சம்பளத்தில் வந்து இவரைக் குளிப்பாட்டி, கைகால் பிடித்துவிட்டுப் போகிற பிள்ளை. பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன மனுசனை அறுபத்தாறு வயதில் நான் தனியாகப் புரட்டினேன். இப்போது என் இடுப்பு பிடித்துக்கொண்டது.

மார்ச் 10

அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. மாக்கிறட்டை அனுப்புகிற உதவி நிறுத்தப்பட்டதாம். ‘விண்ணப்பதாரர் தாம் இங்கு குடியிருக்கவில்லை எனத் தாமே கூறியுள்ளார்.’

போன மாதம் ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார். “ஐயா, எப்ப இந்த வீட்டுக்குக் குடிவந்தனீங்கள்?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். “குடிவரேல்லைத் தம்பி. இன்னும் பால் காய்ச்சேல்லை. காலபோக விதைப்புக்கு ஊருக்குப் போயிடுவம்” என்றார் இவர். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். விசரி!

தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து இரண்டு பையோடு இந்தத் தீவுக்கு ஓடிவந்து உப்புக்குளத்தில் இந்த வீட்டை வாடகைக்கு எடுத்தபோதே, பால் காய்ச்சக் கூடாது என்று சொல்லிவிட்டார். காய்ச்சினால் ஊரை விட்டதாகிவிடுமாம். ஒன்பது வருடமாகத் தேத்தண்ணிக்குக் காய்ச்சுகிற பால் கணக்கில்லையாம்.

மார்ச் 11

அப்படியென்றால் நாங்கள் எங்கேதான் குடியிருக்கிறோம்?

மார்ச் 23

இந்த இடத்துக் கிராமசேவகரான விதானையாரிடம் வதிவுக் கடிதம் கேட்கப் போனேன். “அக்கா, நிவாரண அட்டையிலை நீங்கள் இடம்பெயர்ந்த ஆக்கள். நிரந்தர வதிவு எண்டு நான் எப்பிடி எழுதித் தாறது? உங்கடை ஊர் விதானையிட்டைக் கேளுங்கோ.”

எங்கள் ஊர் பெருநிலத்தில், ஆமிக் காவலரண்களுக்கு அங்கால். அந்த விதானையும் இடம்பெயர்ந்து எங்கேயோ இருக்கிறார். அரிசி வேண்டுமானால் நான் இங்கே இல்லாதவள். மாக்கிறட் வேண்டுமானால் இங்கே இருப்பவள். திரும்பி வருகிற வழியில் எந்தப் பக்கம் நடக்கிறேன் என்றே தெரியவில்லை.

ஏப்ரல் 19

இவருக்கு முதுகில் படுக்கைப்புண். டாக்குத்தர் பார்த்துவிட்டு, “பாக்க ஆளில்லாட்டி முதியோர் இல்லத்துக்கு எழுதுவம் அம்மா” என்றார். நானும் கூடப் போகலாமா என்று கேட்டேன். அது ஆம்பிளையளுக்கு மட்டுமாம். நாற்பத்துநாலு வருடம் இந்த மனுசனோடு சண்டை பிடித்துவிட்டு, இனி யாரோடு பிடிப்பேன்? வெளியே வந்து மரவாங்கில் இருந்து அழுதேன்.

மே 14

மாக்கிறட் என்னை அப்புக்காத்து பேதுருவிடம் கூட்டிப்போனாள். வவுனியாவில் வழக்குப் போடலாம் என்கிறார். ‘உப்புக்குளத்தில் நிரந்தரமாகக் குடியிருக்கிறோம்’ என்று இவர் சத்தியக்கடதாசியில் கைநாட்டு வைக்க வேண்டுமாம்.

இவரிடம் சொன்னேன். “அப்பிடிச் சத்தியம் பண்ணிப்போட்டு எந்த முகத்தோடை ஊருக்குப் போறது?” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். திருப்பிவிட்டது நான்தான். தானாகத் திரும்ப முடியாத மனுசனுக்கு இந்த வீம்பு.

மே 17

மனைவி சத்தியம் பண்ணினாலும் போதுமாம். “இது பொய்யோ தம்பி?” என்று கேட்டேன். “அதை நீங்கள்தான் அம்மா சொல்லவேணும்” என்றார் பேதுரு. எனக்கென்ன தெரியும்?

கையெழுத்து வைத்தேன். இவருக்குச் சொல்லவில்லை.

யூலை 29

இவரை மாக்கிறட்டின் தாயிடம் விட்டுவிட்டு, ஆமிப் பாஸ் எடுத்து, மூன்று சோதனைச்சாவடியில் இறங்கி ஏறி நானும் பேதுருவும் வவுனியாவுக்குப் போனோம். அரசாங்கத்தரப்பு வக்கீல் அந்தப் பால் கதையை உரத்து வாசித்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டேன்.

நீதிபதி என்னிடம் ஒரே கேள்வி. “வழி திறந்தால் திரும்பிப் போவீங்களா?”

போவோம் என்றால் வழக்குப் போச்சு. போகமாட்டோம் என்றால் ஊர் போச்சு. “தெரியாது ஐயா” என்றேன். பேதுரு பஸ்ஸில் யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கெடுத்துவிட்டேனா?

ஓகஸ்ட் 20

இன்னும் தீர்ப்பில்லை. புண் பெருத்துவிட்டது.

செப்டெம்பர் 24

தீர்ப்பு எங்கள் பக்கம். ஊருக்குத் திரும்பும் ஆசையைக் காரணம் காட்டி, ஒருவர் வாழுமிடத்தில் பெற வேண்டிய பராமரிப்பை மறுக்க முடியாதாம். பேதுரு வீட்டுக்கே வந்து, நான் தடுப்பதற்குள் எல்லாவற்றையும் இவருக்கு வாசித்துக் காட்டிவிட்டார். என் சத்தியக்கடதாசி உட்பட.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் வென்றிருக்கிறோம். எனக்கு ஏன் பயமாக இருக்கிறது?

செப்டெம்பர் 27

மாக்கிறட் வந்தாள். புண்ணைக் கழுவிக் கட்டினாள். இவர் கண்ணை மூடியபடி கிடந்தார். என் கையால் தேத்தண்ணி குடிக்கவில்லை, அவள் கொடுத்தபோது குடித்தார். குடிக்கட்டும்.

ஒக்டோபர் 6

பகல் நல்ல மழை. இவர் என்னைக் கூப்பிட்டார். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு.

“தங்கையாவுக்கு ஒரு கடிதம் எழுது.”

தங்கையா எங்கள் வயலில் வேலை செய்தவன். மலைநாட்டிலிருந்து வந்து எங்கள் ஊரில் குடியேறியவன். எல்லாரும் ஓடியபோதும் அவன் அங்கேயே நின்றுவிட்டான். எங்கள் வயலை விதைக்கட்டுமா என்று வருடாவருடம் அவன் ஆள் அனுப்பிக் கேட்பான். நான் வந்து விதைப்பேன் என்று இவரும் வருடாவருடம் மறுத்துச் சொல்லி அனுப்புவார். வயல் அப்படியே தரிசாகக் கிடக்கிறது.

“என்னெண்டு எழுத?”

“இந்தமுறை அவனை விதைக்கச் சொல்லு. தன்ரை வயலெண்டு நினைச்சு விதைக்கட்டும்.”

பேனையைத் தேடி எடுத்தேன். நான் போட்ட கையெழுத்தால்தானா என்று கேட்க நினைத்தேன். கேட்காமலே அவர் சொன்னதை எழுதினேன்.

“மேற்கு வரம்பு உடைஞ்சு கிடக்கும். அதை முதல்ல கட்டச் சொல்லு” என்றார். அதையும் எழுதினேன்.